சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

வெளிநாடு சென்று திரும்பியவரைப் பார்த்து நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, அங்கே என்ன கண்டீர்கள் என்பதன்று, "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதே. ஜப்பானிலிருந்து நான் திரும்பிய அன்று கோயமுத்தூர் இரயில் நிலையத்தில் என் பெட்டிகளை ஏற்றிய ஆட்டோ ஓட்டுநர் கேட்டதும் இதையேதான். அடுத்த வீட்டுப் பெரியவர் கேட்டார். தொழிற்சாலையில் உடன் வேலை செய்வோர் கேட்டார்கள். ஒரு கல்லூரியில் பேச அழைத்தபோது, இயந்திரங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி முடித்த பின்பு மாணவர்கள் எழுப்பிய ஒரே ஐயமும் அதுவாகத்தான் இருந்தது. புறப்படுவதற்கு முன்பு இந்தக் கேள்வியைச் சற்று இளக்காரமாக எண்ணி வந்தவன் நான். உலகெங்கும் மனிதர்கள் உண்டு உயிர் வாழ்கிறார்கள். போகிற இடத்தில் நமக்கு ஆகிறதை உண்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே என்பது என் கட்சி. அந்தக் கட்சி நான்கு மாதங்களில் தோற்ற வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அது தோற்றதற்கு உரிய காரணங்களையும் கூடவே சொல்வேன். அவற்றில் கொஞ்சம் பௌதிகமும் கொஞ்சம் இரசாயனமும் சரித்திரமும் இருக்கின்றன.

2023-ஆம் ஆண்டு செப்டம்பரில், நாங்கள் வாங்க இருந்த ஓர் இயந்திரத்தின் பராமரிப்பைக் கற்று வருமாறு என்னை அனுப்பினார்கள். நான் தங்கிய ஊர் ஹிகாஷி ஒசாக்கா. 'ஹிகாஷி' என்றால் கிழக்கு. ஒசாக்கா மாநகரை ஒட்டிக் கிழக்கே இருக்கும் இந்த ஊர், சிறு தொழிற்சாலைகளுக்குப் பேர்போனது. வீட்டுக்கு அடுத்து பட்டறை, பட்டறைக்கு அடுத்து வீடு என்று நெருங்கி அமைந்த தெருக்கள். பீளமேட்டையும் கணபதியையும் அறிந்த எனக்கு, கடைசல் இயந்திரத்தின் ஓசையும் எண்ணெய் வாடையும் முதல் நாளே சொந்த ஊரை நினைவூட்டின. பிறப்பிலிருந்து மரக்கறி உணவினன் நான். அங்கே நேர்ந்தவை அனைத்துக்கும் மூலம் அதுவே.

முதல் சங்கடம் உணவில் வரவில்லை, வெந்நீரில் வந்தது. காலையில் காப்பி கலந்து குடிப்பதற்காக வீட்டிலிருந்து ஒரு சிறு மின்சாரக் கெட்டிலைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போயிருந்தேன். ஜப்பானில் சுவர்த் துளைகள் இரண்டு தட்டையான முனைகளை ஏற்பவை என்பதை அறிந்து, அதற்கேற்ற மாற்றுச் செருகியும் வாங்கி வைத்திருந்தேன். செருகினேன், சிவப்பு விளக்கும் எரிந்தது. பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தால், குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற இளஞ்சூடு! கெட்டில் பழுதாகிவிட்டது என்றே எண்ணினேன். பிறகுதான் தலையில் அடித்துக் கொண்டேன். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அங்கே 100 வோல்ட். கெட்டிலின் கம்பிச் சுருளின் தடை மாறுவதில்லை. ஆகவே மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் குறையும். திறன் இரண்டின் பெருக்கமாதலால் வர்க்க விகிதத்தில் குறையும். நூறை இருநூற்று முப்பதால் வகுத்து வர்க்கம் கண்டு பாருங்கள்; ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வரும். 1000 வாட் கெட்டில் அங்கே 190 வாட் கெட்டிலாகிவிட்டது. ஆறு நிமிடத்திற்குள் கொதிக்க வேண்டிய ஒரு லிட்டர் நீர், அரை மணிக்கு மேல் ஆகியும் கொதிக்க மறுத்தது. கைபேசிக்கு மின்னேற்றும் கருவி 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும்படி செய்யப்பட்டிருப்பதால், எல்லாக் கருவிகளும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். பொறியியல் படித்தவன் இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். படித்தவன்தான் செய்வான், படிக்காதவன் புறப்படும் முன் யாரையாவது கேட்டிருப்பான்.

மின்சாரத்தைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. ஜப்பானின் கிழக்குப் பாதியில் மின்சாரத்தின் அலைவெண் 50. மேற்குப் பாதியில் 60. தோக்கியோவுக்கு முதலில் ஜெர்மனியிலிருந்தும், ஒசாக்காவுக்கு அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வரவழைத்தார்கள். 1890-களில் செய்த அந்த இரண்டு கொள்முதல்கள் ஒரே தேசத்தை இன்றுவரை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. தோக்கியோவில் ஓடும் அதே மோட்டாரை ஒசாக்காவில் வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலும். 2011-இல் பெருநிலநடுக்கம் வந்து கிழக்கே மின்பஞ்சம் ஏற்பட்டபோது, மேற்கே இருந்த மின்சாரத்தை வேண்டிய அளவு அனுப்ப முடியாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். என் கெட்டிலுக்கு இதனால் கேடில்லை. ஆனால் நான் கற்கப் போன இயந்திரத்துக்கு இது முக்கியம். நம் நாட்டிலும் அலைவெண் 50 அன்றோ? அதற்கேற்பப் பற்சக்கரங்களை மாற்றுவதிலேயே என் முதல் வாரம் கழிந்தது.

சோற்றைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. நெல் விளையும் நாட்டுக்குத்தானே போகிறோம்? ஆனால் அவர்கள் சோறும் நம் சோறும் பெயரில்தான் ஒன்று. அரிசியில் உள்ள மாப்பொருள் இரண்டு வகையானது. ஆமிலோஸ் என்பது ஒன்று, ஆமிலோபெக்டின் என்பது மற்றொன்று. ஆமிலோஸ் மிகுந்த அரிசி உதிர் உதிராக வேகும். குறைந்த அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் பொன்னி முன்னதைச் சேர்ந்தது; அவர்களுடைய குட்டை அரிசி பின்னதைச் சேர்ந்தது. இரண்டு குச்சிகளால் எடுத்து உண்பவருக்குச் சோறு ஒட்டத்தான் வேண்டும். குழம்பை ஊற்றிப் பிசைந்து உண்பவருக்கு ஒட்டக் கூடாது. கொண்டு போன பருப்புப் பொடியை அதில் போட்டுப் பிசைந்தால் கொழுக்கட்டை மாவு போல் உருண்டு வந்தது. தயிர் மட்டுமே அந்தச் சோற்றோடு முழு மனத்துடன் சேர்ந்தது.

அந்தத் தயிருக்கும் ஒரு கதை உண்டு. 1970-இல் ஒசாக்காவை அடுத்த சுயிட்டாவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதில் பல்கேரிய நாட்டுக் கூடத்தில் இனிப்பில்லாத தயிரைக் கொடுத்தார்கள். மெய்ஜி என்னும் பால் நிறுவனத்தார் அதைச் சுவைத்துப் பார்த்து, மறு ஆண்டே அத்தகைய தயிரைக் கடைக்குக் கொண்டு வந்தார்கள்; 1973 முதல் பல்கேரியாவின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அதுவரை அங்கே தயிர் என்றால் இனிப்பிட்ட பண்டம். அந்தப் பொருட்காட்சி நடவாதிருந்தால் என் இரவு உணவு என்னவாகியிருக்குமோ, அறியேன். வேலை முடிந்து அறைக்கு வந்ததும், அங்கே வாங்கிய சிறு மின்சாரச் சோற்றுப் பானையில் ஒரு குவளை அரிசியை வேகவிட்டு, தயிரும் உப்பும் கலந்து, எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, தரையில் அமர்ந்து கையால் உண்பேன். குச்சிகளோடு நாளெல்லாம் போராடிய விரல்களுக்கு அது ஓய்வு நேரம்.

இனி நடுப்பகல் உணவுக்கு வருகிறேன். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும். எல்லோரும் தட்டெடுத்து வரிசையில் நிற்போம். சோறு, ஒரு கிண்ணம் மிசோச் சாறு, ஊறுகாய், பெரும்பாலும் மீனோ இறைச்சியோ ஆன ஒரு பண்டம். இதுதான் அன்றாட உணவு. அந்தக் கடைசிப் பண்டத்தை விட்டுவிட்டு மற்றவற்றை நான் எடுத்துக் கொள்வேன். மிசோ என்பது வேகவைத்த சோயா மொச்சையை உப்பும் பூஞ்சணமும் சேர்த்து மாதக் கணக்கில் புளிக்க வைத்த ஒரு விழுது. அதை வெந்நீரில் கரைத்து, சோயாக் கட்டியும் கடற்பாசியும் வெங்காயத் தாளும் இட்டுத் தருவார்கள். நம் இரசத்தைப் போல் காரமில்லை, புளிப்பில்லை. ஆனால் குடித்ததும் நெஞ்சுக்கு இதமாக இருக்கும். முதல் நாளே எனக்கு வழிகாட்டியாக அமர்த்தப்பட்டிருந்த மூத்த தொழிலாளியிடம் கேட்டேன்: "இதில் இறைச்சி உண்டா?" "இல்லை." "மீன் உண்டா?" அவர் கிண்ணத்தைக் கிளறிப் பார்த்துவிட்டே, "இல்லை" என்றார். அவருக்கு அறுபது வயதிருக்கும். சொல்லை எண்ணிப் பேசும் மனிதர். நான் நம்பினேன். மூன்று வாரங்கள் நாள்தோறும் அந்தச் சாற்றை விரும்பிக் குடித்தேன். சில நாட்களில் இரண்டாம் கிண்ணமும் கேட்டு வாங்கினேன்.

மூன்றாம் வாரத்தின் இறுதியில் ஒரு நாள், மணியடிக்குமுன் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக நேர்ந்தது. சமையற்கார அம்மையார் பெரிய கொப்பரையிலிருந்து ஒரு துணிப்பையைத் தூக்கி நீரை வடித்துக் கொண்டிருந்தார். அருகே ஒரு தட்டில், தச்சுப் பட்டறையில் சிதறிக் கிடக்கும் மரச் சீவலைப் போல இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதோ குவிந்திருந்தது. "இது என்ன?" என்றேன். அந்த அம்மையார் புன்னகையோடு ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். முகர்ந்தேன். புகையும் மீனும் கலந்த மணம். நான் விரும்பிக் குடித்த சாற்றின் மணமும் அதுவே என்பது அந்தக் கணத்தில் விளங்கியது.

அன்று நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சோற்றையும் ஊறுகாயையும் மட்டும் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். வழிகாட்டி எதிரே வந்து உட்கார்ந்து, "இன்று சாறு வேண்டாமா?" என்று கேட்டார். "நீங்கள் என்னிடம் பொய் சொல்லிவிட்டீர்கள்" என்றேன், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் குரலில். எனக்குத் தெரிந்த சிறிதளவு ஜப்பானிய மொழியில் 'தவறு' என்பதற்கும் 'பொய்' என்பதற்கும் நடுவே வேறு சொல் இருக்கவில்லை. அவர் எழுந்து நின்று, தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டு, தம் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எது பொய் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் மறுத்துப் பேசவில்லை. பலர் முன்னிலையில் ஒருவரைக் குற்றம் சாட்டுவது எங்கும் கொடிது. அங்கே இன்னும் கொடிது. அன்றிரவு எனக்குத் தயிர்ச் சோறும் இறங்கவில்லை. பதினைந்து வேலை நாட்கள், ஏறக்குறைய இருபது கிண்ணங்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என்னை வருத்தியது கிண்ணங்களின் எண்ணிக்கையா, அந்த மனிதர் தலை தாழ்த்தி நின்ற காட்சியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த சில நாட்களில் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை 'தாஷி' என்னும் வடிநீர். அதற்கு வேண்டுவன இரண்டு: ஒன்று, 'கொம்பு' என்னும் அகன்ற கடற்பாசி. மற்றொன்று 'கட்சுவோபுஷி' எனும் உலர்மீன். சூரை இனத்து மீனொன்றை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்தி, பூஞ்சணம் படியவிட்டு மறுபடியும் உலர்த்துகிறார்கள். முடிவில் அது மரக்கட்டை போல் ஆகிவிடும். தட்டினால் 'டங்' என்று ஓசை எழும். அதை இழைப்புளி போன்ற பெட்டியில் தேய்த்துச் சீவல் எடுப்பார்கள். நான் கண்டது அந்தச் சீவலையே. நமக்கு இது முற்றிலும் அந்நியமான பொருளும் அன்று. மாலத்தீவிலிருந்து இலங்கைக்கும் நம் தென்கரைக்கும் வரும் மாசிக் கருவாடு இருக்கிறதே, அதுவும் இதே மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியதுதான். யாழ்ப்பாணத்தார் சம்பலில் மாசியை இடித்துப் போடுவதும், ஒசாக்காக்காரர் சாற்றில் சீவலைப் போடுவதும் ஒரே நோக்கத்துக்காகவே.

அந்த நோக்கம் என்ன என்பதை இரசாயன முறையில் விளக்கியவர் தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இக்கேடா கிக்குனே. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கிலும் அடங்காத ஒரு சுவை கொம்பு வடிநீரில் இருப்பதை உணர்ந்து, 1908-இல் அதற்குக் காரணமான குளூட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். மறு ஆண்டே அது உப்பு வடிவில் விற்பனைக்கு வந்தது. நம் ஊர்ச் சிற்றுண்டிச் சாலைகளில் அஜினோமோட்டோ என்ற பெயரால் நீங்கள் அறிந்த பொருள் அதுவே. 1913-இல் அவருடைய மாணவர் கொடாமா ஷிந்தாரோ, உலர்மீனின் சுவைக்கு இனோசினிக் அமிலம் காரணம் எனக் கண்டார். ஷிட்டாகே என்னும் காளானில் குவானிலிக் அமிலம் இருப்பதை 1957-இல் குனினாகா அகிரா கண்டறிந்தார். இவற்றுள் ஒரு விந்தை உண்டு. கடற்பாசியை மட்டும் இட்டால் ஒரு மடங்கு சுவை. அதனோடு மீனோ காளானோ சேர்ந்தால் இரண்டு மடங்கு ஆவதில்லை, பல மடங்கு ஆகிறது. மீனுக்குப் பதிலாகக் காளானையும் சேர்க்கலாம் என்ற செய்தியை நீங்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன். எனக்கு அது பின்னால் உயிர்த்தண்ணீர் வார்த்தது.

ஆனால் இதெல்லாம் தெரிந்த ஒரு ஜப்பானியர், "மீன் இல்லை" என்று எப்படிச் சொல்ல முடிந்தது? அவர் நோக்கில் மீன் என்பது தட்டில் கிடக்கும் பண்டம். வடிநீர் என்பது தண்ணீர் போல. அதை யாரும் ஒரு பொருளாகவே எண்ணுவதில்லை. சரித்திரமும் இதற்குத் துணை நிற்கிறது. 675-இல் தெம்மு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்ணலாகாது என்று ஆணையிட்டார். மீன் அந்தப் பட்டியலில் இல்லை. 1872-இல் மெய்ஜி சக்கரவர்த்தி மாட்டிறைச்சி உண்டார் என்பது ஊரறிய வெளியான வரையில், இறைச்சியை விலக்குவது அந்நாட்டில் மதிப்புக்குரிய வழக்கமாகவே இருந்து வந்தது. ஆகவே, 'புலால் உண்ணாதவர்' என்றால் அவர்கள் மனத்தில் எழும் உருவம் மீன் உண்பவருடையதே. மீனையும் விலக்கும் உணவு பௌத்த மடங்களில் உண்டு; அதற்கு 'ஷோஜின்' உணவு என்று பெயர். நான் கேட்டிருக்க வேண்டிய சொல் அது. மூன்று வாரமாக நான் தவறான கேள்வியைக் கேட்டு, அதற்குச் சரியான விடையைப் பெற்றிருக்கிறேன்!

அதன் பிறகு கடைப் பண்டங்களின் மேலுறைகளை ஆராயத் தொடங்கினேன். அவர்களுடைய சித்திர எழுத்துகளில் மீன்களின் பெயர்கள் பலவற்றிற்கு இடப்பக்கத்தில் 'மீன்' என்னும் எழுத்தே உறுப்பாக அமைந்திருக்கும். அந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும் என்று மகிழ்ந்தேன். ஒரு சோற்றுருண்டையை வாங்கி, உறை முழுவதும் தேடி, மீன் உறுப்பு எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கடித்தேன். அதே புகை மணம்! அந்தப் பெயரைச் சித்திர எழுத்தில் எழுதாமல், 'க-ட்சு-ஓ' என்று மூன்றே மூன்று ஒலியெழுத்துகளில் அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனிக் கட்டத்தில் காட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு முதலியன கட்டாயமாகக் குறிக்கப்படும். இந்த மீனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே அந்தக் கட்டமும் எனக்குக் கைகொடுக்கவில்லை.

ஓர் உணவுச்சாலையின் முகப்பில் 'கரே' என்று எழுதியிருந்ததைக் கண்டு ஒரு நாள் துள்ளினேன். நம் 'கறி' என்னும் சொல்தான் ஆங்கிலேயர் வாய்ப்பட்டு, மெய்ஜி காலத்தில் அங்கே போய் 'கரே' ஆகியிருக்கிறது. சொல் நம்முடையதாயினும் பொருள் நம்முடையதாக இல்லை. மாவைக் கொழுப்பில் வறுத்துக் கட்டியாக்கி வைத்திருக்கும் மசாலாவில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். காய்கறிக் கரேயும் இதற்கு விலக்கன்று. வங்காளத்துப் புரட்சி வீரர் ராஷ் பிகாரி போஸ் ஜப்பானில் புகலடைந்து வாழ்ந்தபோது, ஆங்கிலேயர் கொடுத்த கறியைத் தள்ளி, உண்மை இந்தியக் கறியை 1927-இல் தோக்கியோவின் நக்கமுராயா உணவகத்தில் அறிமுகம் செய்தார். ஆனால் அதுவும் கோழிக் கறி! எனக்குப் புகலிடம் கோபே துறைமுகந்தான். இந்திய வணிகர்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஊர் அது. 1985-இல் கட்டிய ஜைனர் கோயிலும் அங்கே இருக்கிறது. மாதம் இரு முறை இரயிலேறிப் போய் துவரம் பருப்பும் புளியும் வாங்கி வருவேன்.

வழிகாட்டியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. அகராதியைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்ட வாசகத்தைப் படித்தேன். அவர் பாதியிலேயே தடுத்து, ஞாயிற்றுக்கிழமை தம் வீட்டுக்கு வரவேண்டும் என்றார். போனேன். வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதன்று. ஆனால் உள்ளே ஒரு செருப்பு, கழிவறைக்கு வேறொரு செருப்பு என்பது எனக்குப் பழகவில்லை. கழிவறைச் செருப்போடு கூடத்துக்கு வந்து, அனைவரும் சிரிப்பை அடக்கும்படி செய்தேன். அவருடைய தாயாருக்குத் தொண்ணூறை நெருங்கிய வயது. சமையல் முழுவதும் அந்த மூதாட்டியின் பொறுப்பு. "இவர் சொல்கிற உணவு எனக்குத் தெரியும், என் கணவருடைய நினைவு நாளில் நான் சமைப்பது" என்றாராம். கொம்பையும் உலர்ந்த ஷிட்டாகேக் காளானையும் முதல் நாளிரவே குளிர்ந்த நீரில் ஊறப் போட்டு வடித்த நீரில் மிசோச் சாறு. எள்ளரைத்துப் பிசைந்த கீரை. சோயாக் கட்டி. வாய்க்கு வைத்ததும் தெரிந்தது: அதே சாறு, புகை மணம் மட்டும் இல்லை.

சோயாக் கட்டிக்கு ஊற்றிக்கொள்ள ஒரு சிறு குப்பியை என் பக்கம் நகர்த்தினார்கள். அதன் மேல் அந்த மூன்று ஒலியெழுத்துகள் இருந்தன. அதற்குள் அவற்றை எங்கே கண்டாலும் என் கண் தானாக நிற்கும். விடியற்காலையில் எழுந்து எனக்காகச் சமைத்த மூதாட்டியிடம் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாமல், குப்பியைத் தொடாமல், வெறுங்கட்டியைத் தின்னத் தொடங்கினேன். மகன் கவனிக்கவில்லை, மூதாட்டி கவனித்தார். குப்பியை எடுத்தார்; பக்கத்தில் இருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணருகே வைத்து மெல்லப் படித்தார். பிறகு, "அறுபது ஆண்டாக இதை வாங்குகிறேன், ஒருநாளும் படித்ததில்லை" என்று சொல்லி, உள்ளே போய் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவர் வருந்தினாரா, வேடிக்கையாக எண்ணினாரா என்று அந்த முகத்திலிருந்து எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மற்ற அசௌகரியங்கள் சிறியவை. தெருவில் குப்பைத் தொட்டியே கண்ணில் படாது. 1995-இல் தோக்கியோ சுரங்க இரயிலில் நச்சு வாயுத் தாக்குதல் நடந்த பிறகு, பொது இடங்களிலிருந்த பல தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். வாழைப்பழத் தோலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலை வரை வேலை செய்திருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டு போனாலும் விடுதலை இல்லை. எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, பிளாஸ்டிக்குக்கு ஒரு கிழமை, புட்டிகளுக்கு வேறொரு கிழமை. சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்கலாகாது. அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. நடுங்கும் குளிரிலும் உணவுச்சாலையில் பனிக்கட்டி மிதக்கும் நீரைத்தான் முதலில் வைப்பார்கள். இவையெல்லாம் இரண்டு வாரங்களில் பழகிவிடுபவை.

2024-ஆம் ஆண்டு, இயந்திரத்தை நிறுவிக் கொடுக்க வழிகாட்டியும் அவரோடு ஓர் இளைஞரும் கோயமுத்தூருக்கு வந்தார்கள். இருவரையும் வீட்டுக்கு அழைத்தேன். இட்டிலியும் சாம்பாரும் எடுத்து வைத்தபோது, இளைஞர் தயங்கித் தயங்கி, "இதில் கோதுமை உண்டா?" என்று கேட்டார். கோதுமை ஒரு துளி சேர்ந்தாலும் அவருக்கு மூச்சு முட்டுமாம். சோயாச் சாற்றிலும் வழக்கமாகக் கோதுமை சேருவதால், கோதுமை கலவாத சாற்றைத் தனிக் குப்பியில் கையோடு கொண்டு வந்திருந்தார். என் மனைவி சிரித்துக்கொண்டே, "இட்டிலி அரிசியும் உளுந்தும், சாம்பார் துவரம் பருப்பு. கோதுமைக்கு இங்கே என்ன வேலை?" என்றாள். நானும் அதையே ஜப்பானிய மொழியில் சொல்ல வாயெடுத்தேன். எதிரே வழிகாட்டி அமர்ந்திருந்தார். சொல்லை விழுங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி எல்லாம் வீட்டில் அரைத்தவை. கடைசியாகப் பெருங்காய டப்பாவை எடுத்தேன். பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்திலும் ஈரானிலும் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். தனியே அது பிசுபிசுத்தும் கடுத்தும் இருக்கும். ஆதலால் கோந்தும் மாவும் கூட்டித்தான் நமக்குப் பொடியாகவும் கட்டியாகவும் விற்கிறார்கள்; சிலர் அரிசி மாவு சேர்ப்பார்கள், சிலர் கோதுமை மாவு. பிறந்தது முதல் எங்கள் வீட்டில் இருந்து வரும் அந்த டப்பாவின் பின்புறத்தை அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன். கோதுமை மாவு என்று தெளிவாக அச்சிட்டிருந்தது.

டப்பாவைக் கொண்டு வந்து வழிகாட்டியின் முன் வைத்தேன். நான் விளக்கி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர் சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இளைஞர் அரை மணி காத்திருந்தார். பெருங்காயம் இல்லாமல், நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு, என் மனைவி புதிதாக ஒரு சாம்பார் வைத்தாள்.